கோட்டுக்கு வலப்பக்கம்

பழைய மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில்
நடுவே ஒரு கோடு போட்டார் தணிகாசலம்.
இடப்பக்கம் சத்துவாச்சாரி, வலப்பக்கம் காட்பாடி.
கோடு கொஞ்சம் கோணல்.
பாலாறும் அப்படித்தானே போகிறது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அரூர் வீட்டைக் காலி செய்யப்
பதினோரு நாள்தான் பாக்கி.

சத்துவாச்சாரியில்
வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் நாற்பது.
செண்பகாவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்,
நடுவில் பெங்களூர் ரோடு.
மாடியில் நின்றால் மலை,
மலை முழுக்கப் பாறை.
பகலெல்லாம் குடித்த வெயிலை
அது ராத்திரி பத்து மணிக்குமேல்
கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும் என்று
புரோக்கர் சலாவுதீனே சொன்னார்.
"பொய் சொல்லி வெச்சா ரெண்டாம் மாசமே
காலி பண்ணுவீங்க, எனக்குத்தான் அலைச்சல்."
அந்த நேர்மைக்கு ஒரு கூட்டல் குறி போட்டேன்.
அது வீட்டுக்கான மார்க் இல்லை என்று
இவர் அடித்துவிட்டார்.

மூன்றாவதாக ஒரு வீடும் பார்த்தோம்.
ஊர்ப்பெயர் வேண்டாம்.
"நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க" என்றார் வீட்டுக்காரர்.
"தர்மபுரிப் பக்கம்" என்றேன்,
அவர் கேட்டது அதுவல்ல என்று தெரிந்தே.
அந்த வீட்டுக்கு
அட்டையில் இடம் ஒதுக்கவில்லை.

காட்பாடியில் வாடகை ஒன்பதரை.
போர் தண்ணீர், உப்பு.
ஆஸ்பத்திரிக்குப் பாலம் தாண்ட வேண்டும்,
பாலத்தில் ஒரு லாரி மூச்சுவிட மறந்தால்
இரண்டு கரையும் ஹாரன் அடிக்கும்.
கொல்லைச் சுவருக்கு அந்தாண்டை தண்டவாளம்.
"ரயில் சத்தம்" என்று எழுதி
கழித்தல் குறிக்குக் கீழே
இரண்டு கோடு இழுத்தார் இவர்.

இந்த ஊருக்கு வருவதே
முகிலின் காதுக்காகத்தான்.
வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி.
அன்றைக்கு வேர்வை கசகசப்பில்
மெஷினைக் கழற்றி என் பர்ஸில் போட்டிருந்தான்.
நாங்கள் அட்வான்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது
கூட்ஸ் வந்தது.
வீட்டுக்காரம்மா எஸ்தர்
பேச்சை வாயிலேயே நிறுத்திக் காத்திருந்தார்,
கை கழுவும்போது வளையலை மேலேற்றுகிற மாதிரி
ஒரு பழக்கத்தில்.
முகில் திரும்பிச் சுவரில்
இரண்டு உள்ளங்கையும் வைத்தான்.
பிறகு கன்னத்தை.
சிரிக்கவில்லை.
பரீட்சை எழுதுகிறவன் முகம்.
கடைசிப் பெட்டி போன பிறகும்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு
விரல் நுனிகளைச் சேர்த்துத் தட்டினான்,
இன்னொரு தோசை கேட்கிற சைகை.

ஐம்பத்தெட்டுப் பெட்டி என்றாள் செண்பகா,
யாரும் கேட்காமலே.

அதற்காக அந்த வீட்டை எடுக்கவில்லை.
எஸ்தரம்மா அட்வான்ஸில் பத்து குறைத்தார்,
அதனால்தான் என்று
இவர் இன்றைக்கும் சொல்வார்.
அட்டையில் கழித்தல் குறி அப்படியேதான் இருக்கிறது.
வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில்
வெள்ளை வெள்ளையாக உப்பு.
செண்பகாவுக்கு இரண்டு பஸ்.
ஷூவைக் கழற்றி எறிகிற சத்தத்தில்
அவள் என்னோடு பேசுகிறாள்.
அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,
அந்தக் கோணல் கோட்டுக்கு அடியில்
இடம் இருந்தது.

பயிற்சி முடிந்து
காட்பாடி பஸ்ஸில் திரும்பும்போது
பாலத்தில் எப்படியும் நிற்கும்.
கீழே மணல், நாணல்,
நடுவில் ஒரு துண்டுத் தண்ணீர்.
வலது ஜன்னலில் அந்த மலை
செங்கல் நிறமாகிக்கொண்டிருக்கும்.
அதன் அடியில் எங்கேயோ
நாங்கள் எடுக்காத வீட்டு மாடியில்
யாரோ துணி எடுக்கிறாள்,
காய்ந்துவிட்டதா என்று
கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள்
என்று நினைத்துக்கொள்வேன்.

முகில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறான்.
எஞ்சின் உறுமுகிறது.
பஸ் இன்னும் கிளம்பவில்லை.