ஒரே சொல்

சோஹாரில் ஆகஸ்ட். இரவுப் பணி.
இருதயதாசன் தலையில்
இருபத்தொரு இடத்தில் பசை தடவி
இருபத்தொரு கம்பி ஒட்டுகிறேன்.
"நான் இழுக்கிற கம்பி
இதைவிடப் பருமன் மேடம்" என்கிறார்.
மின்விநியோகக் கம்பெனி. பதினொரு வருஷம்.

திரையில் கோடுகள் கிளம்புகின்றன.
ஒன்று எழ ஒன்று தாழ
ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்க
வெள்ளிக்கிழமை மீன்சந்தை.
பார்ப்பவர்கள் இதைத்தான்
குழப்பம் என்பார்கள்.
எங்கள் பாஷையில் இதன் பெயர் நலம்.

வலிப்பில் கூச்சல் பெருகுவதில்லை.
சந்தை முழுக்க
ஒரே சொல்லைச் சொல்லத் தொடங்கும்:
விற்பவன், வாங்குபவன், தராசு,
மீன்மேல் உட்கார்ந்த ஈ.
அந்த ஒற்றுமையில்தான்
மனிதன் நாக்கைக் கடித்துக்கொண்டு விழுகிறான்.

"கரண்ட் போறது பிரச்சனையில்ல மேடம்,
திரும்ப வர்றதுதான்.
நாப்பத்தெட்டு டிகிரி. ஊரே காத்திருக்கும்.
போட்ட நொடியில
அத்தனை ஏசியும் சேர்ந்து இழுக்கும்.
தாங்காது. மறுபடி விழும்.
அதனால
தெருத்தெருவாத்தான் கொடுப்போம்."

உங்கள் மாத்திரையும் அதே வேலைதான், என்றேன்.

பேச்சு நின்றது.
அறையில் ஆறு பேர்,
அலமாரிக்குப் பூட்டில்லை,
புட்டியில் பெயர் ஒட்டியிருக்கிறது.
சேஃப்டி ஆபீசர் காதுக்குப் போனால்
கம்பம் ஏற விடமாட்டார்கள்.
அப்புறம் டிக்கெட்தான்.
மூன்று மாதமாக விழுங்கவில்லையாம்.

"அன்னிக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?"
தூக்கம் கெட்டதா, வெயிலா,
தங்கச்சியோடு போனில் போட்ட சண்டையா.
ஒரு காரணம் வேண்டும் அவருக்கு,
கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி.
இப்ரி சாலையில் மணல் சரிந்து
பாதி வழி மூடிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.
கடைசியாக வந்து விழுந்த மணலை
யார் தேடிப் பிடிப்பது?
மேடு எப்போதோ
செங்குத்தாகிவிட்டது.

விளக்கை மின்னவிட்டேன். ஒன்றுமில்லை.
மூச்சை ஆழ இழுத்து விடச் சொன்னேன்.
இரண்டாம் நிமிடம், இடது பொட்டருகே
நான்கு கோடுகள்
ஒன்றரை நொடி
ஆமாம் ஆமாம் ஆமாம் என்றன.
பிறகு கலைந்து
தத்தம் வியாபாரத்துக்குத் திரும்பின.
அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.
எத்தனை நிமிஷம் பாக்கி என்று கேட்டார்.

குறித்துக்கொண்டேன்.
படிவத்தில் அடுத்த கட்டம்: தொழில்.
பேனா அங்கேயே நிற்கிறது.

பஞ்சால் பசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.
காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது,
நாளை ஹெல்மெட் போடும்போது பிசுபிசுக்கும்.

மாடியில் எங்கோ
ஒரு கம்ப்ரெசர் உறுமிக் கிளம்ப
விளக்கு ஒரு கணம் மங்கி எரிகிறது.
இருவரும் அண்ணாந்து பார்க்கிறோம்.