புள்ளி

செக்காலை ரோட்டில்
செல்போன் கடைக்கு மேல் என் கிளினிக்.
படி குறுகல்.
பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறி வந்தார்
கிரேம் ஹோல்ராய்ட், பள்ளத்தூர் மாப்பிள்ளை.
காது இரண்டும்
பிசைந்து வைத்து மறந்துபோன மாவு.

படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
என் பேனா நின்றபோது
தமிழில் சொன்னார்: "தள்ளு."
எழுத்துக் கூட்டி அவர் முதலில் படித்த சொல்,
பேங்க் கதவில்.
இரண்டாவது, ஜவுளிக்கடை வாசலில்
அதன் நெட்டைத் தம்பி
தள்ளுபடி.

மற்றதெல்லாம் இங்கிலீஷில் சொன்னார்,
குப்புறப் படுத்து
மேசையின் ஓட்டைக்குள் முகம் வைத்தபடி.

பதினான்கு சீசன்.
ரக்பியில் முன்வரிசை, வலது ஓரம்.
எட்டுப் பேர் குனிந்து எட்டுப் பேரை முட்டுகையில்
எதிராளிகள் இருவரின் தோளுக்கு நடுவே
தலையைக் கொடுக்க ஒருவன் வேண்டும்.
பந்து பின்னால் எங்கோ போகும்.
எடுத்து ஓடுபவன் வேறொருவன்.
போட்டோவில் அவன்தான் இருப்பான்.

இருநூற்றுப் பதினொரு ஆட்டம்.
அவர் பெயரில் மொத்தமே ஐந்து புள்ளி.
கோட்டைத் தாண்டிக் கவிழ்ந்த குவியலுக்கு அடியில்
இவர் வயிற்றுக்குக் கீழே பந்து கிடந்ததாம்.
"வைக்கல. விழுந்தேன்."

நாட்டுக்காக ஆடியது ஒருமுறை,
மாற்று ஆளாக, பதினொரு நிமிடம்.
ஏழாவதில் யாருடைய முழங்காலோ நெற்றியில்.
அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை.
வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டார்.
"நல்லாத்தான் தள்ளியிருக்கேன்."

முப்பத்து நான்காம் வயதில் கிளப்பிலிருந்து கடிதம்:
நன்றி,
லாக்கர் சாவியைத் திருப்பித் தரவேண்டிய தேதி.
தள்ளுபடி, என்றேன்.
சிரித்தார். சிரித்தால் கழுத்து வலிக்கிறது.

முன்பல் இரண்டையும் கட்டிக் கொடுத்த டாக்டரையே
கட்டிக்கொண்டார். மெய்யம்மை.
அவள் ஊர்க் கோயில் கணக்கில்
கல்யாணமான சோடி ஒரு புள்ளி.
துணை போய்விட்டால் அரை.
வெளியாளைக் கட்டியவளுக்கு
அந்த நோட்டில் கோடு போட்ட இடமே கிடையாது.
"அப்ப எங்க ஸ்கோர்?" என்று
சாப்பாட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்.
மெய்யம்மை அதை மொழிபெயர்க்கவில்லை.
அப்பளம் மட்டும் இன்னொன்று வைத்தாள்.

போன வியாழன் மைத்துனன் கல்யாணம்.
விடியற்காலை மழை.
பாத்திரம் ஏற்றி வந்த டெம்போ
ஊருணிக் கரையில் அச்சு வரை புதைந்தது.
பதினைந்து பேர், பதினைந்து திசை,
ஆளுக்கொரு ஐலசா.
பட்டு வேட்டியை மடித்துக் கட்டி
இவர் சேற்றில் இறங்கினார்.
பேசவில்லை. ஆட்களைப் பிடித்துப் பிடித்து அடுக்கினார்.
சமையல் மாஸ்டர் தோளில் டிரைவர் தோள்,
டிரைவர் இடுப்பில் மேளக்காரர் கை,
இவர் இடுப்பில்
கோயில் நோட்டு எழுதும் சித்தப்பாவின் கை.
குனியச் சொல்லிக் குனிந்தார்.
ஒரு மூச்சு.
பிறகு, தெரிந்த அந்த ஒற்றைச் சொல்.

வண்டி ஏறிவிட்டது.
பாயச அண்டா தப்பியது.
நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
ஏதோ தப்பவில்லை.

"வண்டி போனப்புறமும்
அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கயே இருந்துச்சு"
என்கிறார் ஓட்டைக்குள்ளிருந்து.
எனக்குத் தெரிய வேண்டியது வலி எங்கே என்பதுதான்.
சரியாக அந்த இடத்தைக் காட்டுகிறார்.

ஆறு வாரம்
தூக்கக் கூடாது, குனியக் கூடாது,
தள்ளவே கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.
பணம் கட்ட சித்தப்பா மேலே வந்தார்.
பில்லில் யார் பேர் போட?
கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார்.
"பள்ளத்தூர் வீட்டுக் கணக்குல எழுதும்மா."
அது வேறு நோட்டு.
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கீழே இறங்கினார்கள், பக்கவாட்டில், மெதுவாக.
தெருக்கதவின் கண்ணாடி அதிர்ந்தது
ஒருமுறை, இன்னொருமுறை.
உட்புறம் இழு என்று ஒட்டியிருக்கிறேன்.
அந்தச் சொல்லுக்கு
அவர் இன்னும் வரவில்லை.