தளம் ஆடுகிறது

தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள்
குளச்சல் பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் மருந்துக்கடைக்கு ரெக்சன் வந்தான்.
விசைப்படகில் எஞ்சின் டிரைவர்.
கண்ணாடிமேல் போனை வைத்துக் காட்டினான்:
அசிட்டசோலமைடு.
"இமயமலை ஏறப்போறோம் அக்கா, நாலுபேரு."

சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றேன்.
முனகிக்கொண்டே போய்
டாக்டர் லிட்வினிடம் எழுதி வாங்கி வந்தான்.

சல்பா மருந்து ஆகாதவன் உண்டா கூட்டத்தில்?
"உண்டாக்கும். ஜெறோம். சின்னதிலே உடம்பெல்லாம் தடிச்சு
மூணு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தான்."
அவன் தொடவேண்டாம். டாக்டரை நேரில் பார்க்கட்டும்.
விரல்நுனியில் எறும்பு ஊரும்.
ஒண்ணுக்கு அடிக்கடி வரும்.
சோடா சப்பென்று இருக்கும்,
கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதே.
மாத்திரை இருக்கிறதென்று வேகமாய் ஏறாதே.

சிரித்தான். "இருபது நாளு
ஆழ்கடல்ல கெடக்குற உடம்பாக்கும்."

இந்தக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், உடம்பை,
கடன் அடைத்து முடித்த படகைச் சொல்வதுபோல.

நான் மருதுவாழ்மலையில் பாதி ஏறி
செருப்பு அறுந்து திரும்பியவள்.

பதினோராம் நாள் ராத்திரி
ஷட்டரை இழுக்கும்போது போன்.
காற்று, காற்று, பிறகு அவன்.
"தலை பொளக்குது அக்கா. ரெண்டு தடவை வாந்தி.
இன்னும் ஒண்ணு போட்டா
நாளைக்கு மேல ஏறிரலாமா?"

எழுந்து நட. ஒரு கோட்டில். குதிகாலோடு விரல் முட்ட.

பதில் வர நேரமாயிற்று.
தெருவில் கடைசி பஸ் திரும்பி நின்றது.

"தளம் ஆடுது அக்கா."

இறங்கு.

"விடிஞ்ச பெறவு..."

இப்பவே இறங்கு. தனியாக இல்லை.
வழிகாட்டியை எழுப்பு, அவனிடம் போனைக் கொடு.
அவன் மொழி எனக்குத் தெரியாது,
ஒரே சொல்லை இந்தியில் நாலுதரம் கத்தினேன்: நீச்சே.
பின்னால் பத்தொன்பது வருட அலமாரி.
அந்தச் சொல்லுக்கு ஈடாக
அதில் ஒரு டப்பா இல்லை.

ஆடி மாதம் மச்சானோடு வந்தான்.
போனில் படம்: பனியில் கொடிபிடித்து மூன்று பேர்.
"நீ எங்கடே?"
"எடுத்தது நானாக்கும்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீந்த ஆறு மாத்திரையை நீட்டினான்.
வெட்டின பட்டையைத் திருப்பி எடுப்பதில்லை என்றேன்.
படகுப் பெட்டிக்கு பஞ்சு, டிஞ்சர், பாண்டேஜ்.
குரலைத் தாழ்த்தி,
"வாந்தி மாத்திரை பத்து."

புதுசா வாற பையனுக்கு என்றான்,
நான் கேட்காமலே.