கூரைமேல் ஒருவன்

தம்பிக்கு இன்று இரவு ஷிஃப்ட்.
அவன் நாற்காலி, அவன் கன்சோல்,
சூரியகாந்தி விதைத் தொலி ஒட்டிய கன்ட்ரோலர்
எல்லாம் விடியும்வரை எனக்கு.

ஆறு பாகம் ஓடிய படம். ஆறிலும் சாகாதவன்
என் கட்டைவிரலுக்குள் வந்ததும்
படபடவென்று சாகிறான்.
பாலத்தில் நான்கு முறை.
மீன்சந்தைக் கூரையில் இரண்டு.
ஒரு தடவை, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
படிக்கட்டில் தடுக்கி.
செத்த கையோடு எழுந்து நிற்கிறான்,
கோட்டில் ஒரு தூசு இல்லை.
எந்தச் சலவைக்கடையப்பா உனக்கு, என்று கேட்டேன்.

ஐந்தாம் கட்டத்தில் டான்யூப் நதி.
பெயர் மட்டும் வேறு. பலகைகளில் ரஷ்ய எழுத்து,
ஜனவரியில் நாங்கள் ஏங்கியும் கிடைக்காத பனி
இங்கே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.
படத்திலும் அப்படித்தான்.
புடாபெஸ்ட் எப்போதும் வேறு யாராவதாக நடிக்கும்.
ஒரு வருஷம் பாரிஸ், ஒரு வருஷம் பெர்லின்.
துணை நடிகைக்கு ஏது சொந்தப் பெயர்.

ஆனால் அந்த வளைவு எனக்குத் தெரியும்.
இரண்டாம் எண் ட்ராம்
நாடாளுமன்றத்தருகே திரும்பும்போது
சக்கரம் லேசாக முனகும் இடம்.
இரண்டாம் பாகத்துக்காக, ஒன்பது வருஷத்துக்கு முன்,
மூன்று இரவு அங்கே ஓட்டியது நான்.
யார் வருகிறீர்கள் என்று டிப்போவில் கேட்டார்கள்.
இரட்டைச் சம்பளம், சூடாகக் குலாஷ்.
கை தூக்கிவிட்டேன்.

நாயகன் வரவில்லை.
அவனுக்காகக் குதிப்பவன் வந்தான்,
மிலோஷ் என்று ஒரு செர்பியன், முழங்காலில் பட்டை கட்டி.
எமெகே என்ற என் பெயர்
அவன் வாயில் எமிக்கோ ஆனது. திருத்தவில்லை.
பதினேழு முறை என் கூரையில் விழுந்தான்.
தகரம் தொம்மென்னும்.
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
பிறகு மேலிருந்து இரண்டு தட்டு:
உயிரோடுதான் இருக்கிறேன், ஓட்டு.

படத்தில் என் இடது கை வருகிறது.
ஒரு வினாடி.
விருந்தாளிகள் வந்தால் தம்பி போதொண்ட்
அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவான்.
விளையாட்டில் அதுவும் இல்லை.
கூரையிலிருந்து குனிந்து உள்ளே பார்த்தேன்.
காலி இருக்கை. லீவர் தானே நகர்கிறது.
நகக்கண்ணில் கிரீஸோடு ஒரு பெண்ணை வரைய
யாருக்கு நேரம் இருந்திருக்கும்.

தொண்ணூறு வினாடிக்குள் குண்டு வை, ட்ராமைக் கவிழ்.
காதுக்குள் ஒரு குரல் அவசரப்படுத்தியது.
கன்ட்ரோலரை மடியில் போட்டு
விதை கொறித்துக்கொண்டிருந்தேன்.
மஞ்சள் வண்டி பொய்ப்பனியில் போயிற்று,
போகட்டும்,
வளைவில் மணி அடித்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
ஒரு நீளம். கொஞ்சம் இடைவெளி. இரண்டு குட்டை.
இந்த நகரத்தில் யாரும் அப்படி அடிப்பதில்லை,
எந்தக் கையேட்டிலும் இல்லை.
மேலே கிடப்பவனுக்காக நான் கண்டுபிடித்தது,
வளைவு வருது, பிடிச்சுக்கோ என்று.
யாரோ ஓர் ஒலிப்பதிவாளன்
வெட்டாமல் வைத்திருக்கிறான்.

பணி தோல்வி, என்றது திரை.
மீண்டும் முயல்கிறீர்களா?
முயல்கிறேன்.
பதினொரு முறை தோற்றேன், வேண்டுமென்றே,
அந்த மணிக்காக.
பன்னிரண்டாவதில் தும்மல் வந்து
பட்டன் அமுங்கிவிட்டது.
ட்ராம் நதிக்குள் போயிற்று.
அபாரம், என்று புகழ்ந்தது குரல்.
அடுத்த கட்டம் திறந்தது. அது ஏதோ பாலைவனம்.

நாலே காலுக்கு முதல் வண்டியை எடுத்தேன்.
வளைவில் ஆள் இல்லை, பனி இல்லை,
தண்டவாளத்தில் ஒரு காகிதப் பை மட்டும்
எழுவதும் படுப்பதுமாக.
கால் தானே மிதித்தது:
ஒரு நீளம், இரண்டு குட்டை.
பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் பெண்
கண் திறக்காமலே
கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.