காதில் மை

தார்த்து மருத்துவமனை, இரண்டாம் மாடி.
உருளையில் மை பரப்பி வைத்திருக்கிறேன்.
லேலோ கையைக் கொடுக்கவில்லை.
"என் கட்டைவிரல் ஓர் இசைத்தட்டு.
முள் பட்டால் அவர்கள் பேசத் தொடங்குவார்கள்."
பதினொரு நிமிடம் இளையவள் உர்வே,
எந்தக் குரலும் கேட்காதவள்,
முதலில் தன் கையை நீட்டினாள்.
பிறகு இவளும்.

உருப்பெருக்கியின் கீழே
சுட்டுவிரல் அடியிலிருந்து நடுவிரல் அடிவரை
ஊசிமுனையால் எண்ணுகிறேன்.
தங்கைக்கு முப்பத்தொன்பது.
அக்காவுக்கு முப்பத்திரண்டு.
மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டுதான்.
அதே முகம், அதே மச்சம்,
சுழி மட்டும் வேறு.

தாய் நடைக்கூடத்தில்,
மேல்கோட்டைக் கழற்றாமல்.
"நாலாம் மாதம் காய்ச்சல் வந்தது" என்கிறாள்,
நான் ஒன்றும் கேட்காதபோதே.
"அப்படியும் ரொட்டி ஆலைக்குப் போனேன்.
மூன்று நாள்."
ஒரே வயிறு, ஒரே காய்ச்சல் அம்மா,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது ஆறுதலா, தெரியவில்லை.
அவள் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து
மறுபடி உள்ளே வைத்தாள்.

உள்ளே லேலோ
ஈரம் காயாத தன் தாளைத் தூக்கி
காதோடு வைத்துக் கேட்கிறாள்.
வெகுநேரம்.
"இன்றைக்கு மழைச் சத்தம் மட்டும்தான்."
ஜன்னலுக்கு வெளியே பனி.
உர்வே சிரித்தாள். நானும்.

துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.
சாயங்காலம் வரை
அவள் காதுமடலில்
ஏழெட்டுக் கோடுகள்.