ஏழாம் கட்டம்

மூன்று நாளாய் அவன் முதுகு
ஒரு கணக்கு நோட்டு.
நான்கு வரிசை, ஐந்து பத்தி,
கட்டத்துக்கொரு எண்,
மருத்துவர் ஊதா மையில் எழுதியது.
குளிக்காதே, வியர்க்காதே, சொறியாதே என்றார்.
புந்தா அரேனாஸில் வியர்க்காமல் இருக்க
யாரும் மெனக்கெட வேண்டியதில்லை;
ஆள் பறந்துவிடாமல் பிடித்து நடக்கத்
தெருமுனையில் கயிறு கட்டும் ஊர்.

எவரிஸ்தோ பகலில் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவன்.
இரவில் தீயணைப்புக் குழு.
சம்பளமில்லை, சங்கு ஊதினால் ஓட வேண்டும்.
தாடிக்காரனுக்கு முகமூடி கிடையாது:
ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் இடையில்
நாலு மயிர் படுத்தாலும்
புகை அந்த வழியாக வரும்.
ஆகவே தினமும் சவரம்.
ஆகவே தினமும் தீ,
தாடைக்குக் கீழே, காதோரம்,
மிளகாய் அரைத்த கையால் அறைந்தது போல.

மாற்றாத நுரை இல்லை.
பச்சைக் குழாய், நீலக் குழாய்,
புதினா மணக்கும் சோப்பு
(அன்றைக்கு அழுதேவிட்டான்),
மாலுமி ஒருவன் தந்த
பெயர் படிக்க வராத டப்பா.
எதையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி
ஒரு நாள் பொறுத்திருப்பான்,
கதவைத் தட்டிவிட்டு நிற்கும் கடன்காரன் போல.
கை வாய் திறக்காது.
முகம் மறுநாள் பேசும்.

ராத்திரிகளில் நான்தான் மருந்து.
ரோமில்தா கடையில் வாங்கிய லாவெண்டர் களிம்பை
விரல் நுனியில் எடுத்து
கன்னத்திலிருந்து கழுத்து வரை
மெல்ல, மெல்ல.
நீ தொட்டால் ஆறுகிறது என்பான்.
ஒளிப்பானேன்,
அவன் எரிச்சலுக்காகக் கொஞ்சம் காத்திருக்கவும் செய்தேன்.
இருபத்தாறு வருடத்தில்
வேறெப்போது அவ்வளவு நேரம்
அசையாமல் இருந்தான்?

ஒட்டுகளை உரித்தாயிற்று.
மருத்துவர் நாளைதான் பார்ப்பார்,
எனக்குப் பொறுக்கவில்லை.
விளக்கடியில் சட்டையைத் தூக்கினேன்.
ஒன்று, ஒன்றுமில்லை.
நான்கு, புதினா. பாவம், வீண்பழி.
ஏழு மட்டும் பொங்கிச் சிவந்து
பொடிப்பொடியாய்க் கொப்புளித்து.
தாளில் விரல் வைத்துத் தேடினேன்.
ஏழு: லாவெண்டர்.

என்ன இருக்கிறது என்றான், திரும்பாமல்.
கெண்டி கொதித்து அடங்கும் வரை
என்னிடம் பதில் இல்லை.
பிறகு, "நான்" என்றேன்.

சிரித்தான், கன்னம் வலிக்க வலிக்க.

இப்போது வெந்நீர், மணமே இல்லாத சோப்பு,
மயிர் சாயும் திசையில் கத்தி, ஒரே ஒரு முறை.
சிவப்பு இறங்கப் பன்னிரண்டு நாள் ஆனது.
நேற்று சங்கு ஊதியது, மரக்கிடங்கு.
விடியலில் வந்தவன் முகத்தில்
முகமூடி பதிந்த வட்டம்,
அதற்குள் கரி இல்லை.
தொடலாமா என்றேன்.
கையைக் கழுவிவிட்டு வா என்றான்.

களிம்பு முக்கால் டப்பா மிச்சம்.
பின்கதவின் கீலுக்குப் பூசினேன்.
வருடக்கணக்காய்க் கத்திக்கொண்டிருந்த கதவு.
அதற்கு ஒத்துக்கொள்கிறது.