பன்னிரண்டு பங்கு

தொழிலாளர் வழக்குக் கவுண்டரில் டோக்கன் தரும் பெண்
என் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
தொழில்: பங்குதாரர்.
"சம்பளப் பாக்கியா? இங்கே இல்லை.
நீங்கள் முதலாளி."

முதலாளி.
பதினோரு வருஷம் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே
மல்லாந்து படுத்து
தகரக் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றியவன்.
கண்ணாடி இழை இன்னும் முழங்கையில் இருக்கிறது,
துவட்டினால் தெரியும்.

அடுத்தது கோபுரங்களுக்கு இடையே ஒரு நீதிமன்றம்.
ஆங்கிலத்தில் பேசும். காபி நன்றாக இருந்தது.
"உங்கள் கம்பெனி பதிவானது எங்கள் எல்லைக்கு வெளியே."
எல்லை எது என்று கேட்டேன்.
சன்னல் வழியே ஒரு சாலையைக் காட்டினார்கள்.
அதை நான் தினமும் வேனில் கடந்திருக்கிறேன்.

கடைசியில் தேய்ராவில் தட்டச்சுக் கடை,
புத்தளத்து ரமீஸா.
எதிராளி யார்?
சவரிராயன், என்றேன்.
"அவர் ஆள். கணக்கைக் காட்டாதது கம்பெனி.
கம்பெனியையும் சேர்க்க வேண்டும்."

கம்பெனிக்கு முகம் கிடையாது.
முத்திரை உண்டு, ஊதா நிறம்.
நைஃப் சந்தில் பேரம் பேசி
முப்பத்தைந்து திர்ஹத்துக்கு வாங்கியவன் நான்தான்.
நூற்றில் பன்னிரண்டு நான்.
அப்படியானால் எதிராளிக் கூண்டிலும்
முழங்கை வரையாவது நான் நிற்பேன்.

ஷரீக், என்று அடித்தாள்.
பங்காளி, என்று எனக்குச் சொன்னாள்.
ரமீஸா, எங்கள் பக்கம் பங்காளி என்றால்
சாவுக்கு மொட்டை போடுகிறவன்,
வரப்பை இரவில் நகர்த்துகிறவனும் அவனே.
இரண்டும் அந்த அரபுச் சொல்லில் இருக்கிறதா?
"சதவீதம் மட்டும் இருக்கிறது அண்ணே."

பிறகு ஒப்பந்தத்தைப் புரட்டி நிறுத்தினாள்.
பத்தொன்பதாம் விதி:
தகராறு வந்தால் உறுப்பினர்கள் முதலில்
முப்பது நாள் நல்ல மனதோடு பேச வேண்டும்.
அதற்கப்புறம்தான் எந்த வாசலும்.

அன்று எங்கள் இருவருக்கும் ஓர் எழுத்தும் புரியவில்லை.
விரல் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டோம்,
ஒரே தட்டில் மந்தி தின்றோம்.
அவன் எலும்பை என் பக்கம் தள்ளினான்,
மஜ்ஜை எனக்குப் பிடிக்கும் என்று.

கடை வாசலில் வெயிலில் நின்று அனுப்பினேன்:
பேச வேண்டும். விதி பத்தொன்பது.

எழுதுகிறான். நிறுத்துகிறான். எழுதுகிறான்.

வந்தது:
அல் கூஸ் கிடங்குச் சாவி
உன்னிடமா இருக்கு?